எச்.ஐ.வி. பற்றி உங்கள் கையில் இருப்பது எந்த வருடத்துப் பாடம்?

போன வருடம் வீடு மாற்றும்போது பரணிலிருந்து என் பழைய பயிற்சி நோட்டு ஒன்று விழுந்தது. 2008-ல் மூன்று நாள் எச்.ஐ.வி. பயிற்சிக்குப் போனபோது எழுதியது. நீல மையில், இரண்டு முறை அடிக்கோடு போட்டு, 'சி.டி.4 200-க்குக் கீழே போனால் மாத்திரை' என்று எழுதி வைத்திருக்கிறேன். சி.டி.4 என்பது ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை. அதற்குக் கீழே ஸ்டாவுடின், நெவிரபின் என்று மருந்துகளின் பெயர். நெவிரபினை முதல் 14 நாள் ஒரு வேளைதான் தர வேண்டும் என்று ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

அன்றைக்கு அது சரியான பாடம். இன்றைக்கு அந்தப் பக்கத்தை வைத்து வேலை பார்த்தால் வருகிறவரின் உடம்பு கெட்டுப்போகும். 2017-லிருந்து நம் நாட்டில் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் சரி, எச்.ஐ.வி. உறுதியானவருக்குத் தாமதிக்காமல் சிகிச்சை தொடங்க வேண்டும். ஸ்டாவுடின் கைவிடப்பட்டுவிட்டது. நெவிரபின் இப்போது பெரும்பாலும் பிறந்த குழந்தைக்குத் தரும் சொட்டு மருந்தாகத்தான் கண்ணில் படுகிறது. பெரியவர்களுக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒன்று. மையங்களில் 'டி.எல்.டி.' என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

இந்தத் துறையில் ஒருமுறை படித்தது ஐந்து வருடம்கூடத் தாங்காது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் செவிலியர், மருத்துவ அலுவலர், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர், கிராம சுகாதார செவிலியர் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது சிஸ்டர்?" அந்தக் கேள்விக்கு நான் வாயால் சொல்லும் பதிலை இங்கே எழுதுகிறேன். நான் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவள். அதனால் வழிகளும் பெயர்களும் பெரும்பாலும் இந்த ஊருக்கு உரியவை.

முதலில் ஒரு காகிதம்

வகுப்பு, சான்றிதழ் எல்லாம் அப்புறம். ஒரு காகிதத்தை எடுத்து, எச்.ஐ.வி. பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதை எந்த வருடம் எங்கே தெரிந்துகொண்டீர்கள் என்றும் குறியுங்கள். 'கல்லூரி இரண்டாம் ஆண்டு', 'சீனியர் சொன்னது', 'வாட்ஸ்அப்' என்று உண்மையை எழுத வேண்டும்.

பிறகு இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள். ஊசி குத்தினால் எத்தனை மணி நேரத்துக்குள் மருந்து? ஒரு கிட்டில் ரியாக்டிவ் வந்தால் அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? கர்ப்பிணிக்கு டோலுடெக்ராவிர் கொடுக்கலாமா? ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்ட ஒருவரிடமிருந்து துணைக்குத் தொற்று போகுமா? கணவருக்கு பாசிட்டிவ் என்று மனைவியிடம் நாமே சொல்லிவிடலாமா?

மூன்றாவது கேள்வியில்தான் நிறைய பேர் வழுக்குகிறார்கள், அதுவும் நன்றாகப் படித்தவர்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. 2018-ல் போட்ஸ்வானாவில் நடந்த ஓர் ஆய்விலிருந்து எச்சரிக்கை ஒன்று வந்தது: கரு உருவாகும் நேரத்தில் டோலுடெக்ராவிர் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் 0.94 சதவீதம் பேருக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு, அதாவது மூளையோ முதுகுத்தண்டோ சரியாக உருவாகாத பிறவிக் குறை, இருந்தது. 426 பிரசவங்களில் நான்கு. உலகமே பதறியது. ஆனால் அதே ஆய்வு தொடர்ந்து நடந்து, ஆயிரக்கணக்கான பிரசவங்கள் சேரச் சேர, விகிதம் சுமார் 0.11 சதவீதத்துக்கு இறங்கியது. மற்றவர்களைவிட அதிகம் இல்லை. 2019-லேயே உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகள் உட்பட எல்லோருக்கும் இதை முதல் வரிசை மருந்தாகப் பரிந்துரைத்துவிட்டது. 2018-ல் பயிற்சிக்குப் போய்விட்டு அதோடு நிறுத்திக்கொண்டவர் இன்றைக்கும் பயந்துகொண்டிருப்பார். அவர் சோம்பேறி இல்லை. அவர் கேட்ட பாடம் பாதியில் நின்றுவிட்டது.

எதற்கும் முன்னால் பெப்

நீங்கள் எந்தப் பிரிவில் இருந்தாலும் முதலில் கற்க வேண்டியது இதுதான்: வேலையில் ஊசி குத்திவிட்டாலோ ரத்தம் கண்ணில் தெறித்துவிட்டாலோ என்ன செய்வது. 'பெப்' என்போம். தொற்றுக்கு வாய்ப்பான சம்பவம் நடந்த பிறகு எடுக்கும் தடுப்பு மருந்து.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். ஊர், மருத்துவமனை வேண்டாம். மணி இரண்டு இருக்கும். ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருவர் கேனுலா போட்டுவிட்டு ஊசிக்கு மூடி மாட்டப் போனார். மூடிக்குப் பதில் கட்டைவிரலில் ஏறிவிட்டது. படுத்திருந்தவர் ஏ.ஆர்.டி., அதாவது எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து, எடுப்பவர் என்று எங்களுக்குத் தெரியும். தம்பி முகம் வெளுத்து, விரலை அமுக்கி அமுக்கி ரத்தத்தைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஓடிப்போய் ஸ்பிரிட் எடுத்து வந்தார். இரண்டுமே தப்பு. பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது, ஸ்பிரிட்டோ பிளீச்சிங் கரைசலோ ஊற்றக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். கண்ணில் தெறித்திருந்தால் சுத்தமான தண்ணீரோ சலைனோ விட்டு அலச வேண்டும்.

கழுவி முடித்தோம். மருந்து? பெப் மாத்திரை ஃபார்மசி அலமாரியில் இருக்கிறது. சாவி ஃபார்மசிஸ்ட் வீட்டில். அவர் போன் எடுக்க நாற்பது நிமிடம், வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம். முதல் வேளை மருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போவது நல்லது. எவ்வளவு தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். நாங்கள் இரண்டு மணி நேரத்தைத் தொட்டுத் தப்பித்தோம். மறுநாளே ஒரு பாட்டில் கேஷுவாலிட்டிக்கு வந்தது. இப்படி ஒரு ராத்திரி வந்தால்தான் சில அலமாரிகள் திறக்கின்றன.

அதனால் உங்கள் முதல் வீட்டுப்பாடம் இது: இன்றைக்கு ராத்திரி டூட்டியில் இருப்பவரிடம் போய், "இப்போது எனக்கு ஊசி குத்திவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், மருந்து எங்கே?" என்று கேளுங்கள். அவர் கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் உங்கள் பயிற்சி அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். முதல் வேளை மருந்துக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போது தருவது டி.எல்.டி. மாத்திரைதான், 28 நாள், ஒரு நாளும் விடாமல். தொடக்கத்திலேயே எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றுக்கும் பரிசோதனை. அப்புறம் 6 வாரம், 3 மாதம், 6 மாதத்தில் மீண்டும் எச்.ஐ.வி. பரிசோதனை. ரத்தம் யாருடையதோ அவரைப் பரிசோதிக்க அவருடைய சம்மதம் வேண்டும். தூங்குகிறவர் கையில் குத்தி எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது.

பயத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை எடுக்காத ஒருவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. கண், வாய் போன்ற ஈரச்சவ்வில் பட்டால் பத்தாயிரத்தில் ஒன்பது. அதே ஊசியில் ஹெபடைடிஸ் பி இருந்து, நீங்கள் தடுப்பூசி போடாதவராக இருந்தால் நூற்றுக்கு முப்பது வரை போகும். எச்.ஐ.வி.க்கு நடுங்குகிறவர்களில் பாதிப் பேர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்றாவது ஊசியைப் போட்டிருக்க மாட்டார்கள். 0, 1, 6 மாதம். போட்டு முடித்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி அளவு 10-க்கு மேல் வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் மருத்துவமனை நமக்குச் செய்யும் தயவு என்று நினைத்துவிடாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, பாதுகாப்புப் பொருள்களும் அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் பெப் மருந்தும் தருவதை நிறுவனத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. தனியார் நர்சிங் ஹோமுக்கும் இது பொருந்தும். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

எதைப் படிப்பது, எந்த வரிசையில்

நாகோ, அதாவது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, 2021-ல் வெளியிட்ட 'எச்.ஐ.வி. பராமரிப்பு, சிகிச்சைக்கான தேசிய வழிகாட்டுதல்'தான் நமக்கு அடிப்படை நூல். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கனமான ஆவணம், முதல் பக்கத்திலிருந்து நாவல் மாதிரி வாசிக்க உட்கார்ந்தால் இருபதாவது பக்கத்தில் தூங்கிவிடுவீர்கள். நான் செய்த தப்பு அது. உங்கள் மேஜைக்கு எது வருகிறதோ அந்த அத்தியாயத்தை முதலில் எடுங்கள். தரவிறக்கும்போது அதற்குப் பின் வந்த திருத்தச் சுற்றறிக்கைகள் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

லேப்பில் இருப்பவருக்குப் பரிசோதனை முறை. ஒரு கிட்டில் ரியாக்டிவ் என்பது சந்தேகம் மட்டும்தான். வெவ்வேறு தத்துவத்தில் வேலை செய்யும் மூன்று பரிசோதனைகள் செய்து உறுதி செய்த பிறகே 'எச்.ஐ.வி. இருக்கிறது' என்று சொல்ல முடியும். அந்த உறுதிப்படுத்தும் வேலை ஐ.சி.டி.சி. என்ற ஆலோசனை, பரிசோதனை மையத்தில் நடக்கும். தமிழ்நாட்டில் அதன் பலகையில் 'நம்பிக்கை மையம்' என்று இருக்கும். தனியார் லேப் ரிப்போர்ட்டில் 'ரியாக்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்துவிட்டு, அங்கே போகாமல் வீட்டிலேயே முடங்கிப்போன மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். ரிப்போர்ட்டைக் கையில் தருகிறவர் ஒரு நிமிடம் பேசியிருந்தால் போதும்.

பிரசவ வார்டிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருப்பவர்கள் மருந்தும் சத்து மாத்திரையும் மோதுவதை நெட்டுரு போட வேண்டும். டோலுடெக்ராவிரை வெறும் வயிற்றில் இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கினால் அது உடம்பில் சரியாகச் சேராது. ஒன்று, இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். அல்லது எல்லாவற்றையும் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம். அல்சருக்குக் குடிக்கும் வெள்ளை ஆன்டாசிட் மருந்துக்குச் சாப்பாட்டு வழி கிடையாது, இடைவெளி விட்டே ஆக வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு கர்ப்பிணி தினமும் காலையில் எல்லா மாத்திரையையும் ஒரே கைப்பிடியில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார். "மறக்கக் கூடாதுன்னு சொன்னீங்களேக்கா, அதான் ஒண்ணா போட்டுட்டேன்" என்றார். அவர் ஒன்றையும் மறக்கவில்லை. சொல்ல வேண்டியதில் பாதியை மறந்தது நாங்கள்.

காசநோய்ப் பிரிவில் இருந்தால் ரிஃபாம்பிசின். அது டோலுடெக்ராவிரை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். அதனால் டி.எல்.டி. போட்டு 12 மணி நேரம் கழித்துக் கூடுதலாக ஒரு 50 மி.கி. டோலுடெக்ராவிர். காசநோய் மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரம் அதைத் தொடர வேண்டும். நிறைய இடங்களில் காசநோய் மருந்து நின்ற அன்றைக்கே இதையும் நிறுத்திவிடுகிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவர் ஒவ்வொரு முறை வரும்போதும் இருமல், காய்ச்சல், எடை குறைதல், ராத்திரி வியர்வை என்ற நான்கையும் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்க அரை நிமிடம்கூட ஆகாது.

சர்க்கரை நோய் கிளினிக்கில் மெட்ஃபார்மின் எழுதுகிறவர், டோலுடெக்ராவிர் எடுப்பவருக்கு ஒரு நாளைக்கு 1000 மி.கி.யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டெனோஃபோவிர் இருப்பதால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். மற்ற மருந்துகளுக்கு லிவர்பூல் பல்கலைக்கழகம் நடத்தும் எச்.ஐ.வி. மருந்து மோதல் தளம் ஒன்று இருக்கிறது. இரண்டு மருந்தின் பெயரைத் தட்டினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டிவிடும். போனில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கஷ்டப்பட்டு மனப்பாடம் செய்த பட்டியலைவிட அது எவ்வளவோ மேல்.

வைரல் லோடு, அதாவது ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, பற்றி ஒரு சொல். சிகிச்சை தொடங்கி 6 மாதம், 12 மாதம், பிறகு வருடம் ஒருமுறை. 1000-க்கு மேல் வந்தால் உடனே மருந்தை மாற்ற ஓடக் கூடாது. மாத்திரை ஏன் தவறுகிறது என்று உட்கார்ந்து பேசி, மூன்று மாதம் சரியாக எடுக்க வைத்து, மறுபடி பார்க்க வேண்டும்.

தடுப்பும் பாடம்தான்

சிகிச்சையைப் படிக்கிறவர்கள் தடுப்பை 'ஆணுறை பற்றிச் சொல்லணும், தெரியும்' என்று தாண்டிவிடுகிறார்கள். கடந்த பத்து வருடத்தில் அதிகம் மாறியது அந்தப் பக்கம்தான்.

வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று போகாது. இதை நான் சொல்லும்போது வகுப்பில் யாராவது ஒருவர் உதட்டைப் பிதுக்குவார். அவருக்காக எண்ணை வைத்திருக்கிறேன்: 2019-ல் வெளியான பார்ட்னர் 2 ஆய்வில், ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து இன்னொருவருக்கு இல்லாத 782 ஆண் ஜோடிகள் கலந்துகொண்டார்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 76,000 தடவை உறவு. துணையிடமிருந்து வந்த தொற்று பூஜ்யம். இதைத் தெரிந்த ஆலோசகர் பேசுகிற விதமே வேறாக இருக்கும். 'உங்களால் மற்றவருக்கு ஆபத்து' என்பதிலிருந்து 'மாத்திரை போட்டால் உங்கள் மனைவிக்கும் பாதுகாப்பு' என்பதற்கு அவர் வந்துவிடுவார்.

அடுத்தது ப்ரெப். தொற்று இல்லாத, ஆனால் வாய்ப்பு அதிகமுள்ள ஒருவர் முன்கூட்டியே எடுக்கும் மருந்து. 2022-ல் நாகோ இதற்குத் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. பெப், ப்ரெப் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் மருத்துவர்களிலும் உண்டு. சம்பவத்துக்குப் பின் எடுப்பது பெப், முன்னால் எடுப்பது ப்ரெப். ப்ரெப் தொடங்கும் முன் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதி செய்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மருந்து எதிர்ப்புள்ள வைரஸை நாமே வளர்த்துவிடுவோம். இதிலும் காற்று வேகமாக வீசுகிறது: வருடத்துக்கு இரண்டே ஊசியாகப் போடும் லெனகாபாவிருக்கு 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதி தந்தது. அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

ஒரு நாள் முழுக்க ஏ.ஆர்.டி. மையத்தில்

படித்ததில் நிற்காதது பார்த்தால் நிற்கும். உங்கள் மாவட்ட ஏ.ஆர்.டி. மையத்தின் மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேட்டு, ஒரு முழு நாள் அங்கே இருங்கள். தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. 2004 ஏப்ரலில் நாட்டில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கிய முதல் சில இடங்களில் அதுவும் ஒன்று. எச்.ஐ.வி. பாடத்துக்கு இந்த மாநிலத்தில் நீண்ட வேர் இருக்கிறது: 1986-ல் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்ததே சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த நிர்மலா என்ற முதுநிலை மாணவியும் அவருக்கு வழிகாட்டிய டாக்டர் சுனிதி சாலமனும்தான். ஐஸ்கிரீம் பெட்டி மாதிரி ஒன்றில் ரத்த மாதிரியை வைத்துக் கொண்டுபோன காலம் என்று சீனியர்கள் சொல்வார்கள். பரிசோதனைக்கு வேலூர் சி.எம்.சி. போக வேண்டியிருந்தது.

மையத்தில் டாக்டர் அறையில் மட்டும் உட்காராதீர்கள். காலையில் பதிவு மேஜை, அப்புறம் ஆலோசகர் பக்கத்தில், மதியம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால். கவனித்துப் பாருங்கள். பாட்டிலை வாங்கியவர் அங்கேயே நின்று நகத்தால் லேபிளைச் சுரண்டுவார். ஒரு அம்மா பையிலிருந்து பஞ்சு எடுத்துப் பாட்டிலுக்குள் திணிப்பார். பேருந்தில் மாத்திரை குலுங்கிச் சத்தம் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் என்ன மாத்திரை என்று கேட்பாராம். 'மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று நாம் ஃபைலில் எழுதும் வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அந்தப் பஞ்சைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

சட்டமும் வாய்ச்சொல்லும்

2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. முழுவதையும் படிக்கப் பொறுமை இல்லாவிட்டாலும் ஐந்து, எட்டு, ஒன்பது பிரிவுகளைப் படித்துவிடுங்கள். சம்மதம் இல்லாமல் பரிசோதனை கூடாது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவருடைய எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. துணையிடம் சொல்வதற்கு மட்டும் தனி விதி உண்டு. மருத்துவரோ ஆலோசகரோதான் சொல்லலாம். முதலில் அவரையே சொல்லும்படி ஆலோசனை தந்திருக்க வேண்டும், அவர் சொல்லப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும், நாம் சொல்லப்போகிறோம் என்று அவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர் ஒரு பெண்ணாக இருந்து, சொன்னால் அவளுக்கு அடி உதை விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற நிலை இருந்தால், அவளுடைய துணையிடம் நாம் சொல்லவே கூடாது. இருபது பேரோ அதற்கு மேலோ இருக்கும் மருத்துவமனையில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது. உங்கள் இடத்தில் அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

ஆனால் சட்டம் உடைவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் இல்லை, பழக்கத்தால். ஃபைலின் மேல் சிவப்பு மையில் 'ரியாக்டிவ்'. டூட்டி மாறும்போது வார்டு நடுவில் நின்றுகொண்டு, "பதினாலாவது பெட், அந்த கேஸ்தான், டபுள் கிளவ்ஸ் போட்டுக்க" என்று ஒரு குரல். பதின்மூன்றும் பதினைந்தும் கேட்டுக்கொண்டிருக்கும். பாதுகாப்பு எல்லா ரத்தத்துக்கும் ஒன்றுதான். யாருக்கு என்ன இருக்கிறது என்று தெரிந்தவருக்கு மட்டும் இரண்டு கையுறை போட்டால், தெரியாதவரிடம் நாம் வெறும் கையோடு நிற்கிறோம் என்றுதான் அர்த்தம். 'எய்ட்ஸ் நோயாளி' என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர், அவ்வளவு போதும்.

ரிசல்ட் சொல்லும் பயிற்சியை ஒரு சக ஊழியரோடு நடித்துப் பாருங்கள். நாற்காலியில் எதிரே உட்கார்ந்து, சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். முதல் தடவை யாராலும் முடிவதில்லை. இருபதாவது விநாடியில் 'ஒண்ணும் கவலைப்படாதீங்க' என்று ஆரம்பித்துவிடுவோம்.

வகுப்புகளும் புள்ளிகளும்

அரசுப் பணியில் இருந்தால், மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் நடத்தும் அறிமுகப் பயிற்சியும் மறுபயிற்சியும்தான் நேர்வழி. உங்கள் மேலதிகாரி மூலம் பெயர் போக வேண்டும். வாய்மொழியாகக் கேட்டுவிட்டு விடாதீர்கள், எழுதிக் கொடுங்கள். மருத்துவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் தொடர் கல்வி என்று 2002 நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. அந்த மணி நேரத்தில் கொஞ்சத்தை எச்.ஐ.வி.க்கு ஒதுக்கலாம். பதிவு செய்யும் முன் மாநில மருத்துவ கவுன்சிலின் தொடர் கல்விப் புள்ளி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செவிலியர்களும் தங்கள் கவுன்சிலிடம் இதையே கேட்கலாம். ஆழமாகப் போக நினைக்கும் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்காக இக்னோவும் நாகோவும் சேர்ந்து உருவாக்கிய எச்.ஐ.வி. மருத்துவப் பட்டயப் படிப்பு ஒன்று உண்டு. சேர்க்கை இருக்கிறதா என்று அந்த வருட அறிவிப்பைப் பாருங்கள்.

வீட்டில் இருந்தபடி படிக்க, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நேஷனல் எச்.ஐ.வி. கரிக்குலம் இலவசம். ஆங்கிலத்தில்தான், ஆனால் தெளிவான ஆங்கிலம். பரிசோதனையிலிருந்து தடுப்பு வரை ஆறு பகுதி, ஒவ்வொன்றிலும் கேள்விகள். ஒரு எச்சரிக்கை: அது அமெரிக்காவுக்கு எழுதப்பட்டது. அங்கே சிகிச்சை தொடங்கும் முன்பே மருந்து எதிர்ப்புப் பரிசோதனை செய்வார்கள், நம் அரசுத் திட்டத்தில் இல்லாத பிக்டெக்ராவிர் என்ற மருந்தை எழுதுவார்கள், வைரல் லோடு 200 தாண்டினாலே கவலைப்படுவார்கள். நோயைப் புரிந்துகொள்ள அதைப் படியுங்கள். மருந்துச் சீட்டுக்கு நம் வழிகாட்டுதலைத் திறந்து வையுங்கள்.

என் கணக்கில் இவை எல்லாவற்றையும்விட உதவுவது கேஸ் பேசுவது. நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர் 2003-ல் தொடங்கிய 'ஈக்கோ' முறை அதுதான். தூரத்து ஊர் மருத்துவர்கள் வீடியோவில் கூடி, ஒருவர் தன் கேஸைச் சொல்ல, நிபுணரும் மற்றவர்களும் சேர்ந்து பேசுவது. அப்படி ஒரு குழு கிடைக்காவிட்டால் நீங்களே ஆரம்பியுங்கள். மாதம் ஒரு மதியம், நான்கு பேர், ஒரு கேஸ், டீ. பெயர், ஊர், ஓ.பி. எண் எதுவும் வாயில் வரக் கூடாது. வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் படம் போடவே கூடாது.

எங்கள் குழுவில் நாலைந்து மாதம் நாங்களே பேசிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் டீ கொண்டு வந்த தூய்மைப் பணியாளர் அக்கா நின்று கேட்டுவிட்டு, "எனக்குக் குப்பைப் பையில இருந்து ஊசி ரெண்டு தடவ குத்தியிருக்கு சிஸ்டர். யார்கிட்ட சொல்லணும்னு தெரியல" என்றார். எங்கள் நால்வருக்கும் பேச்சு வரவில்லை. ஊசியும் பிளேடும் வெள்ளை நிற, குத்தினாலும் துளையாத டப்பாவுக்குத்தான் போக வேண்டும் என்று வகுப்பு எடுத்தவர்கள் நாங்கள். அவை சிவப்புப் பையில் விழுந்தது எங்கள் வார்டில். மறுநாள் அவரை நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப் போனோம், ஹெபடைடிஸ் பி முதல் ஊசியும் போட்டோம். குப்பைத் தொட்டிகள் வைக்கும் சுவரில், கண் உயரத்தில், பெரிய எழுத்தில் மூன்று வரி எழுதி ஒட்டினோம்: ஊசி குத்தினால் சோப்பு, தண்ணீர். உடனே கேஷுவாலிட்டி. எந்த நேரமானாலும். சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச எண்ணையும் கீழே சேர்த்தோம். அந்த அக்கா வாசித்துப் பார்த்துவிட்டு, 'உடனே'வை இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதச் சொன்னார்.